அத்தியாயம் 5: சூடு கொடுக்கப் போய் சூடு வைத்துவிடாமல்

அந்த டிசம்பரில் அம்மா கும்பகோணத்திலிருந்து டொராண்டோ வந்திருந்தார். பேரன் ஆசைப்பட்டான் என்று வாங்கிய பால் பைத்தான் பேஸ்மென்டில் இருக்கிறது என்று தெரிந்ததும் மூன்று நாள் அந்தப் பக்கமே இறங்கவில்லை. நாலாம் நாள் படியில் நின்றபடியே கேட்டார்: "இது ஏன்டா எப்பவும் அந்த மூலையிலயே கிடக்கு?"

அங்கேதான் சூடு, தொட்டிக்கு அடியில் ஹீட் மேட் ஒட்டியிருக்கிறேன் என்றேன்.

"அடுப்படியில பூனை படுக்குற மாதிரியா?"

"ஆமாம்மா."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "பூனையாவது முடி கருகினா எழுந்து ஓடும். இது ஓடுமா?"

ஓடாது என்பது இரண்டு வாரத்தில் தெரிந்தது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் வயரைத் தொட்டிக்குள் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தேன். இரவில் பாம்பு உரசியதில் டேப் விட்டுப்போய், சென்சார் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் விழுந்துவிட்டது. தண்ணீரின் சூடு 22 டிகிரி. 'இன்னும் குளிர்கிறது' என்று தெர்மோஸ்டாட் விடிய விடிய மேட்டுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டே இருந்தது. காலையில் அளந்தபோது கண்ணாடித் தரை 47 டிகிரி. பாம்பு அதன் மேலேயே, தன் மறைவிடத்துக்குள் சுருண்டு கிடந்தது. எடுத்துத் திருப்பினால் வயிற்றுச் செதில் ஆறு, வெள்ளையாக இருக்கவேண்டியவை, கீரைத்தண்டுச் சிவப்பில் இருந்தன. மறுநாள் அவற்றில் இரண்டு நீர் கோத்துக்கொண்டன. மருத்துவர் கொடுத்த களிம்பைத் தடவி, மரத்தூளை அகற்றிச் சமையலறைக் காகிதத்தை விரித்து, மூன்று முறை சட்டை உரித்த பிறகுதான் தழும்பு மங்கியது.

யாரையும் குறை சொல்ல முடியாது. மேட் ஒழுங்காக வேலை செய்தது, தெர்மோஸ்டாட்டும் ஒழுங்காக வேலை செய்தது. நான் ஒட்டிய டேப்தான் வேலை செய்யவில்லை.

ஏன் நகராமல் கிடக்கிறது

பால் பைத்தானுக்கும் பாலுக்கும் சம்பந்தமில்லை. பயந்தால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருள்வதால் வந்த பெயர் அது. பிரிட்டனில் ராயல் பைத்தான் என்பார்கள். மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் பாம்பு. வளைக்குள் சூடு மெல்லத்தான் ஏறும், மெல்லத்தான் இறங்கும். மேலே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பெரிய மாற்றம் இருக்காது. காட்டில் சூடு என்பது பெரும்பாலும் மேலிருந்து வருவது, அதிகமானால் நிழலுக்குள் நுழைந்துவிடலாம். வயிற்றுக்குக் கீழே, அதுவும் தான் ஒளிந்திருக்கும் பொந்துக்குள்ளேயே, தரை 47 டிகிரிக்கு ஏறுவது அதன் பரம்பரை கண்டிராத சங்கதி.

இத்தனைக்கும் பைத்தானின் உதட்டோரக் குழிகள், இருட்டில் எலியின் உடற்சூட்டை எட்டி நின்றே உணரக்கூடியவை. அப்படிப்பட்ட பிராணி தன் வயிறு வேகும்போது எழுந்து போகாமல் இருப்பது எனக்கு இன்னும் விநோதமாகத்தான் இருக்கிறது. ஒரு காரணம் மட்டும் கண்கூடு: பாம்புக்குச் சூட்டைவிட மறைவு முக்கியம். மறைவிடம் சூடான பக்கத்தில் மட்டும் இருந்தால், சுட்டாலும் அங்கேயே கிடக்கும். குளிர்ந்த பக்கத்தில் மட்டும் இருந்தால், தின்ற எலி செரிக்காவிட்டாலும் அங்கேயே கிடக்கும். அதனால் ஒரே அளவில், ஒரே மாதிரி இரண்டு மறைவிடம் வாங்குங்கள். தொட்டியின் இரு கோடிக்கும் ஒன்று. ஹீட்டர் வாங்குவதற்கு முன் செய்யவேண்டிய செலவு இது.

பாம்பு தன் உடம்பில் சூடு உண்டாக்கிக்கொள்ளாது. (முட்டையைச் சுற்றி அடைகாக்கும் சில பெரிய மலைப்பாம்புகள் தசையைத் துடிக்கவைத்துச் சூடேற்றும். அது தனிக் கதை.) சூட்டுக்கும் குளிருக்கும் மாறி மாறி ஊர்ந்துதான் தன்னைச் சரிசெய்துகொள்ளும். ஆகவே தொட்டி முழுவதும் ஒரே சூடாக இருப்பது தவறு. ஒரு கோடி சூடு, மறு கோடி குளிர்ச்சி, நடுவில் சாய்மானமாக இறங்கும் வெப்பம், இதுதான் கணக்கு.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கத்துத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், அந்தப் பக்கத்துக் காற்று 27 முதல் 29, குளிர்ந்த பக்கம் 24 முதல் 26. கார்ன் ஸ்னேக் அமெரிக்காவின் தென்கிழக்குக்காரன், இன்னும் கொஞ்சம் குளிர் தாங்கும்: தரை 29 முதல் 31, குளிர்ந்த பக்கம் 22 முதல் 24, இரவில் 20 வரை இறங்கினாலும் பாதகமில்லை. இரண்டுக்கும் பொது விதி ஒன்று. தொட்டிக்குள் எந்த இடத்திலும், எந்த நேரத்திலும், பாம்பின் உடம்பு படக்கூடிய எதுவும் 35 டிகிரியைத் தாண்டக்கூடாது.

தடுமாற்றம் வந்தால் குளிர்ந்த பக்கமே சாயுங்கள். 20 டிகிரியில் ஒரு நாள் கிடந்த பாம்பு மந்தமாக இருக்கும், இரை எடுக்காது, அவ்வளவுதான். திருத்திக்கொள்ள உங்களுக்கு நேரம் இருக்கிறது. உடம்பு 40 டிகிரியைத் தொட்ட பாம்புக்கு அப்படி அவகாசம் கிடையாது. நீங்கள் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஹீட் மேட்

பெரும்பாலோர் தொடங்குவது இதில்தான். மெல்லிய பாய் போல இருக்கும், தொட்டியின் அடியில் வெளிப்பக்கமாக ஒட்டுவது. கடைக்காரர் கொடுக்கும் அட்டைப்பெட்டியில் "ஒட்டி, பிளக்கில் செருகவும்" என்கிற தோரணையில் படம் போட்டிருக்கும். நம்பாதீர்கள். தெர்மோஸ்டாட் இல்லாத மேட் 45 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம்.

தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேட் மூடக்கூடாது. ஒட்டுவதற்கு முன் தொட்டியின் நான்கு மூலையிலும் ரப்பர் குமிழ் வைத்து, மேசைக்கும் மேட்டுக்கும் இடையில் காற்று போக வழி விடுங்கள். மேசையோடு மேசையாக அழுந்திய மேட்டின் சூடு வெளியேற வழியில்லாமல் சேர்ந்துகொண்டே போகும். கண்ணாடி விரிசல் விட்டதையும் மேசைப் பலகை கருகியதையும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை ஒட்டிய மேட்டைப் பிய்த்து வேறு தொட்டிக்கு மாற்றவேண்டாம். உள்ளே இருக்கும் சூட்டுத்தடம் மடிந்தால் அந்த மடிப்பில் மட்டும் பொசுங்கும்.

இனி சென்சார். அதை வைக்கச் சரியான இடம் தொட்டிக்கு வெளியே, மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே. அலுமினிய டேப் போட்டு ஒட்டலாம். பாம்பு இழுக்காது, மூத்திரம் போகாது, கிண்ணத்துக்குள் தள்ளாது. உள்ளேதான் வைக்கவேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் சிலிக்கோன் பசையிலோ திருகாணிக் கிளிப்பிலோ பொருத்தட்டும். எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் ஒட்டும் டேப் வேண்டாம். சென்சார் விழுவது ஒரு பக்கம். விட்டுப்போன டேப் பாம்பின் மேல் ஒட்டிக்கொண்டால், பிரிக்கும்போது செதிலோடு தோலும் வரும்.

வெளியே வைத்த சென்சார் காட்டும் எண்ணும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருக்காது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். தெர்மோஸ்டாட்டை 32இல் வைத்துவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து உள்ளே கண்ணாடித் தரையை இன்ஃப்ராரெட் துப்பாக்கியால் அளங்கள். 29 காட்டினால் தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் காத்திருந்து அளங்கள். கடைசியில் தெர்மோஸ்டாட் 35 என்றும் தரை 32 என்றும் நிற்கலாம். நமக்கு வேண்டியது தரைதான். இதையெல்லாம் பாம்பு வருவதற்கு இரண்டு நாள் முன்பே, காலித் தொட்டியில் செய்து முடித்துவிடவேண்டும்.

இன்னொன்று. அளப்பது மரத்தூளின் மேற்பரப்பில் அல்ல, அதை விலக்கிவிட்டுக் கண்ணாடியில். மேலே 28 காட்டும் இடத்தில் அடியில் 40 இருக்கலாம், ஏனென்றால் மரத்தூள் போர்வை மாதிரி சூட்டைக் கீழேயே அடக்கி வைக்கிறது. பாம்பு என்ன செய்யும்? மூக்கால் மரத்தூளை நெட்டித் தள்ளிவிட்டு நேராகக் கண்ணாடியில் போய்ப் படுக்கும். மேட் இருக்கும் பக்கம் 2 சென்டிமீட்டருக்கு மேல் தூள் போடாதீர்கள்.

பல்பும் பீங்கானும்

மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. டொராண்டோ வீடுகளில் ஃபர்னஸ் 20, 21இல் ஓடும், பேஸ்மென்ட் அதற்கும் கீழே. அப்படிப்பட்ட இடத்தில் பால் பைத்தானுக்கு மேலிருந்தும் சூடு தேவைப்படும். பகலுக்கு ஹாலோஜன் பல்பு, இரவுக்கு வெளிச்சமில்லாத பீங்கான் ஹீட்டர். சிவப்பு பல்பு போட்டால் பாம்புக்கு இருட்டு என்று ஒரு பழைய நம்பிக்கை உண்டு, விட்டுவிடுங்கள். இரவென்றால் இருட்டாக இருக்கட்டும்.

பீங்கான் ஹீட்டர் எரிவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அதன் மேற்பரப்பு 200 டிகிரிக்கு மேல் போகும். பிளாஸ்டிக் ஹோல்டரில் மாட்டினால் உருகும், பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். ஹோல்டரில் எழுதியிருக்கும் வாட்டைத் தாண்டக்கூடாது. தொட்டிக்குள்ளே பொருத்துவதாக இருந்தால் முழுக்கக் கம்பிக்கூண்டு போட்டாகவேண்டும். பாம்பு அதன் மேல் ஏறிச் சுற்றிக்கொள்ளும், சுட்டாலும் பிடியை விடாது. வலைமூடிக்கு வெளியே வைப்பவர்கள் கிளிப்பை நம்பாமல் சங்கிலி போட்டுத் தொங்கவிடுங்கள். கிளிப் விளக்கு சரிந்து திரைச்சீலையிலோ மெத்தையிலோ விழுவதுதான் வீடு எரிவதற்கான குறுக்குவழி. அலமாரி, துணி, காகிதம் எதுவாக இருந்தாலும் முப்பது சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

மேலிருந்து வரும் சூடு காற்றை உலர்த்தும். பால் பைத்தானுக்கு ஈரப்பதம் 55 முதல் 65 சதவீதம் வேண்டும். இல்லாவிட்டால் சட்டை துண்டு துண்டாக உரியும், கண் மேல் தங்கிவிடும். வலைமூடியின் முக்கால்வாசியை, விளக்குக்கு எட்டாத பக்கத்தில், பலகை போட்டு மூடினால் ஈரமும் நிற்கும் சூடும் நிற்கும். ஈரத்தைக் கூட்டிவிட்டுச் சூட்டைக் குறைத்தால் நுரையீரல் தொற்று வரும். மூக்கில் குமிழ், வாயைத் திறந்து மூச்சு, விசில் சத்தம் என்று கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும்.

சூடாகும் செயற்கைக் கல் இன்னும் சில கடைகளில் விற்கிறது. வாங்கவேண்டாம், யாராவது பரிசாகக் கொடுத்தாலும் பிளக்கில் செருகவேண்டாம். ஜன்னலோரத் தொட்டியும் வேண்டாம். மார்ச் மாதத்து வெயில் நமக்கு இதமாகத்தான் இருக்கும். மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் அது நிறுத்தி வைத்த கார் மாதிரி கொதிக்கும், எந்தத் தெர்மோஸ்டாட்டாலும் சூரியனை அணைக்க முடியாது.

தெர்மோஸ்டாட்டுக்கு ஒரு காவல்

கடைகளில் மூன்று வகை கிடைக்கும். சூடு எட்டியதும் அணைந்து, குறைந்ததும் எரிவது ஒன்று. மேட்டுக்கு அது போதும். மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாகக் கொடுப்பது இரண்டாவது. பீங்கான் ஹீட்டருக்கு அது பொருந்தும். பல்பில் மாட்டினால் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். மூன்றாவது மங்கலாக்கிப் பிரகாசமாக்கும் டிம்மர் வகை, பல்புக்கென்றே வந்தது.

எதை வாங்கினாலும் ஒருநாள் கெடும். கெடும்போது அணைந்த நிலையில் கெட்டால் பிழைத்தோம். உள்ளே இருக்கும் ரிலே எரிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டால்? அதற்கு இரண்டு ஏற்பாடு செய்யலாம்.

முதலாவது, ஹீட்டரின் வாட்டைக் குறைவாகத் தேர்ந்தெடுப்பது. பாம்பு வருவதற்கு முன் ஒரு விடுமுறை நாளில், பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட்டரை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். மூன்று மணி நேரத்தில் குளிர்ந்த பக்கம் 30ஐத் தாண்டினால், 100 வாட்டை இறக்கி 60 வாங்குங்கள். சூடு போதவில்லை என்றால் ஹீட்டரைப் பெரிதாக்குவதைவிட அறையை இரண்டு டிகிரி ஏற்றுவது நல்லது.

இரண்டாவது, காவலுக்குக் காவல். சுவரிலிருந்து முதலில் ஒரு மலிவான அணைந்து எரியும் தெர்மோஸ்டாட், அதில் முக்கியத் தெர்மோஸ்டாட், அதில் ஹீட்டர். முதல் தெர்மோஸ்டாட்டை மூன்று டிகிரி அதிகமாக வைத்து, அதன் சென்சாரைத் தனி இடத்தில் பொருத்துங்கள். சாதாரண நாளில் அது சும்மா கிடக்கும். முக்கியத் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்ட அன்றைக்கு அது மின்சாரத்தை வெட்டும். வரிசையை மாற்றி டிம்மரையோ துடிப்பு வகையையோ முன்னால் போட்டுவிடாதீர்கள், பின்னால் இருப்பது கெட்டுப்போகும். என் தொட்டிக்கு இந்த ஏற்பாட்டைச் செய்தது தீக்காயத்துக்குப் பிறகுதான்.

வயர் விஷயம் சுருக்கமாக. சுவர் பிளக்குக்குப் போகும் வயர், பிளக்கைவிடத் தாழ்ந்து வளைந்து மேலேறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். குளியலறையில் இருக்குமே, டெஸ்ட், ரீசெட் என்று இரண்டு பொத்தான் வைத்த பிளக், அதையே இங்கும் போடச்சொல்லுங்கள். நீட்டிப்பு வயரில் இன்னொரு நீட்டிப்பு வயர் கூடாது. அறையில் புகை எச்சரிக்கைக் கருவி வேண்டும். ஹீட்டர்களில் சிஎஸ்ஏ அல்லது அதற்கு நிகரான முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

அளப்பதும் கவனிப்பதும்

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முகத் தெர்மோமீட்டர் அலங்காரத்துக்கு. இரு பக்கமும் டிஜிட்டல் தெர்மோமீட்டர் ஒவ்வொன்று வையுங்கள், கையில் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று. துப்பாக்கி கண்ணாடிக்கு ஊடாகப் பார்க்காது. வெளியிலிருந்து குறிபார்த்தால் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். பளபளப்பான உலோகத்திலும் பொய் சொல்லும்.

கருவியைவிடப் பாம்பு தெளிவாகப் பேசும். சூடான மூலையைவிட்டு நகரவே மாட்டேன் என்றால் தொட்டி மொத்தமும் குளிர். தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தால் சூடு அதிகம், அல்லது உண்ணி. இரண்டையும் பாருங்கள். தின்ற எலியை இரண்டு மூன்று நாளில் கக்கினால் முதல் சந்தேகம் சூட்டின் மேல். வயிற்றுக்குள் செரிக்காத எலி அழுகும். சூட்டைச் சரிசெய்து, இரண்டு வாரம் பட்டினி போட்டு, பிறகு சின்ன எலியாகக் கொடுங்கள்.

தீக்காயம் பட்டுவிட்டால் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரில் பத்து நிமிடம் வயிற்றை நனையவிடுங்கள். ஐஸ் வேண்டாம். அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துக்கொண்டு வந்து நின்றார், அதுவும் வேண்டாம். காகித விரிப்பு, சுத்தமான தொட்டி, ஊர்வன பார்க்கும் மருத்துவர். காயம் முதல் நாளில் சின்னதாகத் தெரியும், அதன் உண்மையான அளவு நாலைந்து நாள் கழித்துத்தான் வெளியே வரும்.

மின்சாரம் போனால்

2013 டிசம்பரில் பனிமழை பெய்து டொராண்டோவில் ஏறக்குறைய மூன்று லட்சம் இணைப்புகள் இருண்டன, சில தெருக்களில் மின்சாரம் வர ஒரு வாரம் ஆனது. எனக்கு அப்போது பாம்பு இல்லை. இன்று அப்படி வந்தால் என்ன செய்வேன் என்பது ஒரு காகிதத்தில் எழுதித் தொட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறது.

முதல் சில மணி நேரம் தொட்டியைத் திறக்காமல், காற்றுக்கு ஒரு ஓரம் விட்டுக் கம்பளியால் மூடவேண்டும். அதற்கு முன் எல்லா ஹீட்டரையும் பிளக்கிலிருந்து உருவிவிட வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் திரும்பும்போது கம்பளிக்கு அடியில் விளக்கு எரியும். உள்ளே 20க்குக் கீழே இறங்கினால் பாம்பைத் தலையணை உறைக்குள் விட்டு முடிச்சுப் போட்டு, ஓட்டை போட்ட தெர்மோகோல் பெட்டிக்குள் வைக்கலாம். சோடா பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் நிரப்பித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைத்தால் சில மணி நேரம் தாங்கும். பார்சலில் போடும் ஹீட் பேக்கும் உதவும், ஆனால் அது பாம்பைத் தொடக்கூடாது. மூடியின் உள்பக்கம் ஒட்டி, நடுவில் ஒரு துணி. அதுவும் 50 டிகிரியைத் தொடக்கூடிய சாமான்தான். கரி அடுப்பையோ பார்பிக்யூவையோ வீட்டுக்குள் மூட்டவே கூடாது. கார்பன் மோனாக்சைடு பாம்போடு உங்களையும் கொண்டுபோகும்.

இந்த நாட்களில் இரை கிடையாது. இரண்டு நாளுக்குள் எலி தின்ற பாம்பு வீட்டில் இருந்தால், கையிலிருக்கும் சூட்டில் முதல் பங்கு அதற்கு.

மின்சாரம் வந்தவுடன் கம்பளியை எடுத்துவிட்டுத்தான் பிளக்கைச் செருகவேண்டும். பாம்பை உடனே உள்ளே விடாதீர்கள். டிஜிட்டல் தெர்மோஸ்டாட் சில, மின்சாரம் போய் வந்தால் நீங்கள் வைத்த எண்ணை மறந்து தொழிற்சாலையில் வைத்த எண்ணுக்குத் திரும்பிவிடும். திரையில் என்ன எண் என்று பாருங்கள், ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தரையை அளங்கள், 32 நின்றால் உறையின் முடிச்சை அவிழ்க்கலாம். எலி அடுத்த வாரம்.